தோன்றா எழுவாய்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டில் நடந்த ஒரு சாதாரண காரியத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. யாருக்கும் எதுவும் நேர்ந்துவிடவில்லை. செய்தியாகும் தகுதி அதற்குக் கிடையாது. எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் என்னுடைய வாசிப்பு நேரம். மாலையில் படிக்கலாம் என்று நினைப்பதெல்லாம் நினைப்போடு சரி. கணக்கு டாலி ஆகாத நாளில் வங்கியிலிருந்து கிளம்பவே ஏழு ஆகிவிடும். டாலி ஆன நாளில் ரயில் தாமதிக்கும். எனவே காலையில், 8.40 வண்டியைப் பிடிப்பதற்கு முன், காபியுடன் பேப்பர். அதற்குப் பிறகு பத்திருபது நிமிஷம் மிஞ்சினால் புத்தகம். அப்பா இருந்தவரை இந்த நேரத்தில் ரேடியோவும் உண்டு. செய்தி தொடங்கும்போது கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். 2022இல் சரோஜ் நாராயணசுவாமி காலமானபோது, தெரிந்தவர் வீட்டில் இழவு விழுந்தது போல அன்று முழுவதும் பேசாமல் இருந்தார். "செய்திகள் வாசிப்பது" என்று சொல்லித் தன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் ஆரம்பிப்பார், அது ஒரு பொறுப்பு, என்று பிறகு சொன்னார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பேப்பரை நான் இரண்டு முறை படிக்கிறவன். முதல் தடவை எல்லோரையும் போல விஷயத்திற்காக. இரண்டாம் தடவை வாக்கியங்களுக்காக. இதை ஒரு வியாதி என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஆனால் நம் உரைநடையின் பிறப்பு ஜாதகத்தைப் பார்த்தவர்கள் இதை வியாதி என்று சொல்ல மாட்டார்கள். 1904இல் பாரதி சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது முதன்மையாகச் செய்த வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது. புதுமைப்பித்தன் தினமணியில் இருந்தவர். தமிழில் ஒரு புதிய விஷயத்தை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, கவிதையிலும் கதையிலும் விடை தேடுவதற்கு முன்பே, பத்திரிகை அலுவலகத்து மேஜைகளில் அவசர அவசரமாக ஒரு விடையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த அவசரத்தின் ரேகைகள் இன்னும் நம் வாக்கியங்களில் இருக்கின்றன. சிறுகதையில் தமிழ் எங்கே போகிறது என்று விவாதிக்கிறோம். லட்சக்கணக்கானவர்கள் தினமும் காலையில் படிக்கிற தமிழ் எங்கே போகிறது என்று யாரும் விவாதிப்பதில்லை.

அன்றைக்கு முதல் பக்கத்தில் வழக்கமானவை. தங்கம் விலை, ஒரு தலைவரின் அறிக்கை, அதற்கு இன்னொரு தலைவரின் பதில். ஏழாம் பக்கத்தில் கீழே இரண்டு பத்தி அகலத்தில் ஒரு செய்தி. செப்டிக் டேங்கில் இறங்கியபோது விஷவாயு தாக்கி 2 பேர் பலி. ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. ஊர் எதுவானாலும் வாசகம் மாறுவதில்லை. நான் பேப்பர் படிக்கத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்த வாக்கியத்தைப் படித்து வருகிறேன். எண் மட்டும் மாறும்.

இரண்டாம் தடவை படித்தபோது அந்த வாக்கியத்தில் நின்றுவிட்டேன். இதில் செயல்படுகிறவர்கள் யார் யார்? இறங்கியவர்கள் இறங்கினார்கள். விஷவாயு தாக்கியது. இரண்டே வினை. மின்சாரம் தாக்கி, மின்னல் தாக்கி, யானை தாக்கி, விஷவாயு தாக்கி - நம் பத்திரிகைத் தமிழில் இவை எல்லாம் ஒரே வரிசை. மழைக்காலத்து மின்னலும் செப்டிக் டேங்கின் வாயுவும் ஒன்று. இரண்டும் எங்கிருந்தோ வருகின்றன, தாக்குகின்றன. ஆள் அங்கே எப்படிப் போனான் என்றால், இறங்கினான். அவனாக.

பி.ஏ. வகுப்பில் ஆர்வெல்லின் 1946ஆம் வருஷத்துக் கட்டுரை ஒன்று எங்களுக்குப் பாடமாக இருந்தது. அரசியலும் ஆங்கில மொழியும் பற்றியது. செய்வினையில் சொல்ல முடிந்ததைச் செயப்பாட்டு வினையில் சொல்லாதே என்பது அதில் அவர் தரும் விதிகளில் ஒன்று. வெகுகாலம் அதைத் தமிழுக்கும் அப்படியே பொருத்திக்கொண்டிருந்தேன். "செய்யப்பட்டது", "கூறப்படுகிறது" என்று எங்கே கண்டாலும் சிவப்பு மசியால் அடித்துவிடும் உத்வேகம் எனக்கு உண்டு. பேச்சில் நாம் இப்படிச் சொல்வதில்லை என்பது வாஸ்தவம். பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவன் "என் பர்ஸ் திருடப்பட்டது" என்று சொல்ல மாட்டான். "பர்ஸை எவனோ அடிச்சிட்டான்" என்பான். ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் "எவனோ" என்று ஒருத்தனுக்கு இடம் போட்டு வைப்பது பேச்சுத் தமிழின் இயல்பு. காரியம் என்றால் கர்த்தா உண்டு என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

ஆனால் ஆர்வெல்லின் மருந்து இந்தத் தலைப்புக்குச் செல்லாது. இதில் செயப்பாட்டு வினையே இல்லை. சுத்தமான செய்வினை. இறங்கினார்கள், தாக்கியது. 1942இல் தினத்தந்தியைத் தொடங்கிய ஆதித்தனார், பாமரனுக்கும் புரியும்படி பேச்சுக்கு நெருக்கமாக எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர். அந்த விதிப்படியும் இது நல்ல வாக்கியம்தான். டீக்கடையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் ஒரே மூச்சில் விளங்கும். அப்படி இருந்தும் முக்கியமான ஆள் இதில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று சொல்லித் தந்தார்கள். "வந்தேன்" என்றால் "நான்" என்று எழுதாவிட்டாலும் நான்தான். "வந்தாய்" என்றால் நீ. எழுவாய் வெளியே தெரியாது. ஆனால் வினைமுற்றின் விகுதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது குற்றமே அல்ல. வினையிலேயே ஆள் ஒளிந்திருக்கிறான், கண்டுபிடித்துவிடலாம். இந்தத் தலைப்பில் கடைசிச் சொல் "பலி". அது பெயர்ச்சொல். அதற்கு விகுதி கிடையாது. காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

பலி என்ற சொல்லே விசித்திரமானது. கோவிலில் பலிபீடம் இருக்கிறது. பலி என்றால் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். யாருக்குக் கொடுக்கிறான் என்பதும் வேண்டும். முதல் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் இல்லாமல் பலி நடக்காது. பத்திரிகை இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு நடுவில் இருக்கிற ஆட்டை மட்டும் நமக்குத் தருகிறது. நான்காம் வேற்றுமை உருபு பிற்பாடு, கடைசிப் பத்தியில் வருகிறது. "குடும்பத்தினருக்கு" நிவாரணம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993லிருந்து இப்படி இறந்தவர்கள் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையில்தான் "கு" சரியாக விழுகிறது.

நான் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு பக்கம் மட்டும் உள்ள பதிவு கிடையாது. ஒரு கணக்கில் பற்று எழுதினால் இன்னொரு கணக்கில் வரவு எழுதியாக வேண்டும். எதிர்க் கணக்கு எது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை என்றால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வந்ததும் முதலில் அதைத்தான் புரட்டுவார். இது யாருடையது, ஏன் இன்னும் தீரவில்லை, என்று கேட்டு உயிரை எடுப்பார். பத்திரிகை ஒரு பெரிய சஸ்பென்ஸ் கணக்கு, அதற்கு ஆடிட்டர் கிடையாது என்று தோன்றியது. தோன்றியதும் ஒரு திருப்தி. ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. "செய்தித்தாள் தமிழில் கர்த்தாவின் மறைவு" என்று மனதிற்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன். தொட்டி என்றும் கொள்ளத்தக்க ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை உதவி ஆசிரியர் ஏன் தலைப்பில் போடவில்லை என்ற அளவுக்குக்கூட யோசனை போயிற்று.

அப்போதுதான் என் மனைவி உள்ளேயிருந்து, "என்னங்க, லாரிக்காரர் வந்துட்டாரு பாருங்க" என்றாள்.

தாம்பரத்தைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக மனை பிரித்து விற்ற ஒரு பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மூன்று நாட்களாகக் குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. அம்மா காலில் ஈரம் படாமல் நடக்க முடியாமல் திட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். போனில் சொன்னதற்கு, "நீங்களே வரச் சொல்லிப் பாத்துச் செஞ்சிடுங்க தம்பி, அடுத்த மாச வாடகைல கழிச்சுக்கலாம்" என்றார். சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த ஒரு நம்பருக்கு நான்தான் முதல் நாள் இரவு போன் செய்தேன். எடுத்தவர் லாரி சொந்தக்காரர். "காலைல வண்டி வந்துரும் சார்" என்றார்.

வண்டி ஏழரைக்கு வந்தது. டிரைவர் ஒருவர், கூட ஒருவர். கூட வந்தவருக்கு என் வயது இருக்கும். கடப்பாரையால் சிமென்ட் பலகையை நெம்பித் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தார்கள். நாற்றம் தெரு முழுக்கப் பரவியது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது - இல்லை, எதிர்வீட்டு அம்மாள் சாத்தினார். பிறகு ஓஸ் பைப்பை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டார்கள். நான் வாசலில் பேப்பரோடு நின்றிருந்தேன். ஏழாம் பக்கம் வெளிப்புறமாக மடிந்திருந்தது.

இருபது நிமிஷம் கழித்து டிரைவர் வந்து, "தண்ணி எல்லாம் இழுத்தாச்சு சார். அடியில கெட்டியா நிக்குது, ஓஸ் இழுக்கல. வர்ற பைப் வாயிலயும் துணி மாதிரி என்னமோ அடைச்சிருக்கு. ஆள் இறங்கணும்" என்றார்.

நான் மணி பார்த்தேன். எட்டு ஐந்து.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிசம். அதுக்குத் தனியா குடுக்கணும் சார்."

"சரி, சீக்கிரம் முடிச்சிடலாமா?" என்றேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். இறங்கு என்று நான் சொல்லவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. அவர் கூட வந்தவரைப் பார்த்தார். கூட வந்தவர் சட்டையைக் கழற்றி லாரியின் கண்ணாடியில் மாட்டினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார். கையுறை இல்லை, கயிறு இல்லை, முகத்துக்கு ஒரு துண்டுகூட இல்லை. பலகை இருந்த இடத்தின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கால்களை உள்ளே விட்டார். "பாத்து இறங்குப்பா" என்றேன். டிரைவரிடம் அதுவரை "வாங்க, சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு, இவரிடம் பேச வாய் திறந்ததும் ஒருமை தானாக வந்தது. அதை நான் கவனித்ததே பிறகு, ரயிலில்.

இடுப்பு மறைந்தது. பிறகு தோள். தலை தெரியவில்லை. உள்ளேயிருந்து பக்கெட் மோதும் சத்தம் மட்டும். நான் வாசித்துக்கொண்டிருந்த செய்தியில் இருந்த இரண்டு பேரும் இப்படித்தான் இறங்கியிருப்பார்கள் என்று அந்தக் கணத்தில் தோன்றியதா என்றால், தோன்றவில்லை. இதை எழுதும்போது ஒரு நல்ல வாக்கியத்துக்காகத் தோன்றியதாக எழுதிவிட முடியும். உண்மையில் நான் நினைத்துக்கொண்டிருந்தது 8.40 வண்டியை. அது போனால் அடுத்தது கூட்டமாக வரும், நிற்கத்தான் முடியும். என் மகள் பள்ளிக்கூட வேனுக்கு வெளியே வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உள்ள யாருப்பா?" என்று கேட்டாள். "கிளீன் பண்ற மாமா" என்றேன். பெயர் கேட்டாள். தெரியவில்லை. வேன் வந்துவிட்டது.

ஏழெட்டு நிமிஷத்தில் அவர் மேலே வந்துவிட்டார். எதுவும் ஆகவில்லை. ஒரு பழைய நைலான் துணியை எடுத்துப் போட்டார். அது எங்கள் வீட்டுத் துணிதான். தோட்டத்துக் குழாயில் கை கால் கழுவினார். சோப்பு கேட்டார். மனைவி ஒரு கணம் தயங்கி, புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "அத நீங்களே வச்சுக்கங்க" என்றாள். அது தாராளம் அல்ல என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குடிக்கத் தண்ணீரை பாட்டிலோடு கொடுத்தோம். பாட்டிலும் திரும்பி வரவில்லை. பணத்தை டிரைவரிடம் கொடுத்தேன். மூவாயிரம். அதில் இறங்கியவருக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை. ரசீது கிடையாது. ரயிலில் உட்கார இடம் கிடைத்தது.

காலையில் எழுத நினைத்த கட்டுரையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். பல்லாவரம் தாண்டியபோது அது நகரவில்லை. எங்கள் வாசலில் அன்று பேசப்பட்ட வாக்கியங்களைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். "செஞ்சிடுங்க." "கழிச்சுக்கலாம்." "ஆள் இறங்கணும்." "தனியா குடுக்கணும்." "முடிச்சிடலாமா?" இவற்றில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் "லாம்" அல்லது "ணும்". தமிழில் இந்த இரண்டு முடிவுகளுக்கும் திணை, பால், எண், இடம் எதுவும் கிடையாது. நான் இறங்கணும், நீ இறங்கணும், அவன் இறங்கணும் எல்லாம் ஒன்று. யாருடைய விருப்பம், யாருடைய கட்டளை என்று அந்த விகுதியைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நாங்கள் நான்கு பேர் - வீட்டுக்காரர், லாரி சொந்தக்காரர், டிரைவர், நான் - ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே, ஆள் சிக்காத வாக்கியங்களாகவே பேசியிருக்கிறோம். விகுதியோடு வந்த ஒரே வாக்கியம், "பாத்து இறங்குப்பா". அதுவும் பாதையில் பள்ளம் இருக்கிறது என்று எச்சரிக்கும் தொனியில்.

அவர் மேலே வராமல் போயிருந்தால்? மறுநாள் ஏழாம் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? செப்டிக் டேங்கில் இறங்கியபோது. விஷவாயு தாக்கி. அந்த நிருபர் எங்கள் வாசலுக்கு வந்து நான்கு பேரையும் விசாரித்திருந்தாலும் அதற்கு மேல் ஒரு எழுவாய் அவருக்குக் கிடைத்திருக்காது. யார் இறங்கச் சொன்னது என்று கேட்டிருந்தால் நான் சத்தியமாக, "நான் சொல்லவில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய்யும் அல்ல. கர்த்தாவைப் பத்திரிகை அலுவலகத்தில் யாரும் அழிக்கவில்லை. அங்கே போய்ச் சேரும்போதே அது இல்லை. நான் வாசலில் பேப்பரை வைத்துக்கொண்டு, உதவி ஆசிரியரின் வாக்கியத்தில் குற்றம் கண்டுபிடித்த அதே கால் மணி நேரத்தில், அதே வாக்கியத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். அவர் பிழை திருத்தாமல் அச்சிட்டார்; அவ்வளவுதான் அவர் தவறு.

பிறகு சில விஷயங்களைத் தேடிப் படித்தேன். முன்பே தெரிந்திருக்க வேண்டியவை. இதுபற்றிய சட்டம் 2013ஆம் வருஷத்தது. அதற்கு முன் 1993இல் ஒன்று வந்தது. அது உலர் கழிப்பிடங்களையும் அவற்றில் மனிதர்கள் மலம் அள்ளுவதையும் தடை செய்தது. 2013 சட்டம் சாக்கடைக் குழியையும் செப்டிக் டேங்கையும் சேர்த்தது. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் அவற்றில் ஆளை இறக்குவதைத் தடுக்கும் அந்தப் பிரிவின் வாக்கிய அமைப்பை நம் பத்திரிகைகள் பார்க்க வேண்டும். எழுவாயோடுதான் ஆரம்பிக்கிறது. எந்த நபரும், எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும். நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. மறைமுகமாக என்ற சொல்லை எழுதியவருக்கு எங்கள் வாசல் தெரிந்திருக்கிறது. முதல் தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்த நபரும் என்பதில் நானும் அடக்கம்.

வாயுவைப் பற்றியும் படித்தேன். பத்திரிகை விஷவாயு என்று ஒரே சொல்லில் சொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அதோடு மீத்தேனும் இருக்கும், பிராணவாயு குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கெட்டியான வண்டலைக் கிளறும்போது திடீரென்று வெளிப்படும். அழுகின முட்டையின் நாற்றம் என்பார்கள். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்த நாற்றம். அளவு கூடினால் முதலில் செயலிழப்பது மூக்கு. நாற்றம் நின்றுவிடும். உள்ளே இருப்பவன் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கும் நேரம் அதுதான். இன்னும் கூடினால் ஓரிரண்டு மூச்சில் நினைவு தப்பும், கூப்பிடக்கூட முடியாது. மேலே நிற்கிறவன் சத்தம் இல்லையே என்று எட்டிப் பார்த்து, தூக்குவதற்கு இறங்குகிறான். அதனால்தான் பலி பெரும்பாலும் 2, அல்லது 3. முதல் ஆள் இறங்கியது கூலிக்காக. இரண்டாம் ஆள் இறங்கியது முதல் ஆளுக்காக. இரண்டு மரணங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. தலைப்பில் அவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் ஆள் யாராக இருந்திருப்பார்? டிரைவர். நிச்சயமாக நான் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2018இல் திருவனந்தபுரத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் சாக்கடைக் குழிக்குள் இறங்கி வேலை செய்யும் இயந்திரத்தைச் செய்து காட்டினார்கள். வண்டலைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி இழுக்கும் லாரிகள் இருக்கின்றன. சற்றுக் கூடுதல் பணம், சற்றுக் கூடுதல் நேரம். நான் கேட்டிருந்தால் அன்று இல்லாவிட்டாலும் மறுநாள் வந்திருக்கும். ஒரு நாள் விடுப்பு எடுத்திருக்க வேண்டும்.

பத்திரிகைகள் இந்தச் செய்திகளில் சாதியை எழுதுவதில்லை. பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, ஊர், தொழிலாளி. சாதியை எழுத வேண்டியதில்லை. வேலையைச் சொன்னதும் படிக்கிறவன் தானே நிரப்பிக்கொள்வான் என்பது எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். நாம் எல்லோரும் விகுதியைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடும் ஒரே எழுவாய் அதுதான். நானும் பெயரைக் கேட்கவில்லை. ஆனால் ஒருமையில் பேசினேன். கேட்காமலேயே எதையோ தெரிந்துகொண்டுதானே பேசியிருக்கிறேன்.

2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தபோது நண்பர்களோடு பார்த்தேன். மலக்குழிகளிலும் கழிப்பிடங்களிலும் வேலை செய்கிற மனிதர்கள் காமிராவைப் பார்த்து நேரே பேசுகிற படம். பார்த்துவிட்டு வந்து ஒரு குறிப்பு எழுதினேன். காமிராவின் அண்மை பார்வையாளனை எப்படி நிர்ப்பந்திக்கிறது என்பது பற்றி. எழுதியதில் பிழை இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். "பார்வையாளன்" என்ற சொல் அதில் பதினோரு இடங்களில் வருகிறது, "நான்" ஒரு இடத்தில்கூட இல்லை. விமரிசனத்தில் "நான்" வரக் கூடாது, அது பிரதியின் மீது கவனத்தைக் கலைக்கும் என்ற ஒரு கொள்கை எனக்கு இருந்தது. அந்தக் கொள்கை எனக்கு எங்கிருந்து வந்தது, அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்பதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

இறங்கு என்பது தன்வினை. இறக்கு என்பது பிறவினை. ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். "அவர் இறங்கினார்" என்று நான் மேலே எழுதியிருப்பதைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். "மணி எட்டு ஐந்துக்கு, 8.40 ரயிலைப் பிடிப்பதற்காக, பெயர் தெரியாத ஒருவரை நான் செப்டிக் டேங்கில் இறக்கினேன்." நல்ல வாக்கியம் இல்லை. நீளம். ஆனால் கணக்கு இதில் டாலி ஆகிறது.

இந்த மாத வாடகையில் மூவாயிரம் கழித்துக்கொண்டு அனுப்பினேன். வீட்டுக்காரர் நோட்டில் எழுதிக்கொள்ள விவரம் கேட்டார். "செப்டிக் டேங்க் கிளீனிங்" என்று மெசேஜ் அனுப்பினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார். போன தடவை தொட்டி நிறைய இரண்டரை வருஷம் ஆயிற்று என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அதற்குள் பாதாளச் சாக்கடை வந்தாலும் வரலாம். வராவிட்டால் குளியலறையில் மறுபடி தண்ணீர் நிற்கும், அம்மா திட்டுவாள், ஒரு காலையில் வண்டி வரும், எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருக்கும். டிரைவர் வந்து, ஆள் இறங்கணும் சார் என்பார். வேண்டாம் என்று சொல்வேன் என்று இங்கே எழுதி முடிப்பது சுலபம். சுவரில் இருந்த அந்த நம்பரை போனிலிருந்து அழித்துவிட்டேன். தண்ணீர் பீய்ச்சி இழுக்கும் லாரிக்காரர் நம்பர் ஒன்றை விசாரித்து வாங்கி வைத்திருக்கிறேன். இவ்வளவுதான் இதுவரை செய்தது.